மூன்று இலவசத் தேடலும் முனிரத்தினத்தின் படையெடுப்பும்

தங்கம் தீர்ந்த பின்னும் பெயரிலிருந்து தங்கத்தை இறக்கி வைக்க மனம் வராத தங்க வயல் மாநகரின் மைந்தனே, செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செத்த மோட்டாருக்கு உயிரூட்டும் வைண்டிங் வேந்தனே, அரைபடாத உளுந்தின் அழுகுரல் கேட்டு ஸ்க்ரூடிரைவர் ஏந்தி ஓடி வரும் அபயக்கரத்தோனே, கோரமண்டல் கொற்றவனே, முனிரத்தினமே, வாழி! உன் டெஸ்டர் வாழி! உன் சால்டரிங் இரும்பு என்றும் சூடு தணியாது வாழி! கடல் கடந்து இளவரசிகளை மீட்டவர்களைப் பாடிப் பாடி உலகத்தின் தொண்டை வறண்டுவிட்டது. மலையைப் பெயர்த்தவர்களுக்கெல்லாம் சிலை வைத்து முடித்தாயிற்று. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியைக் கையில் பிடித்து, ஊரிலுள்ள மிக்ஸிகளில் ஒன்றையாவது உன் கடைப்பக்கம் திருப்ப நீ நடத்திய பெரும்போரைப் பாடத்தான் ஒருவரும் வரவில்லை. ஆகவே நாம் வந்தோம்.

தொடங்குமுன் ஒரு வணக்கம். கோரமண்டல் ஸ்டேஷன் ஓரத்து வேப்பமரத்தடியில், ஒரு பக்கம் செல்போன் டவரும் மறுபக்கம் மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரமும் துவாரபாலகர்களாக நிற்க, நடுவே செங்கல் மாடத்தில் வீற்றிருக்கும் பிள்ளையாரே, இக்கதை முடியும்வரை சிக்னல் போகாமல் காத்தருள்வீராக. கோபுரங்கள் இரண்டில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் அல்லவா.

முனிரத்தினம் போர்க்கோலம் பூண்டது நாட்டுக்காகவோ நகருக்காகவோ இல்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் தன் மகள் பவ்யாவுக்காக. அவனுடைய முப்பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து வந்து, கேஜ் என்னும் சுரங்கக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, பாறையை உடைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே வந்து, கண் கூசும் வெயிலில் தன் பிள்ளைகளைப் பார்த்தவர். கொள்ளுப்பேரனின் காலம் முன்னேறிய காலம். ஆகையால் அவன் கிழக்கு வெளுக்குமுன் மாரிக்குப்பத்து ரயிலில் ஏறி, ஒயிட்ஃபீல்டில் ஒரு முதலாளியின் பட்டறையில் ஊரான் வீட்டு மோட்டார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்து, இருட்டிய பிறகு வீடு வந்து சேர்வான். புறப்படும்போது மகள் தூங்குவாள். திரும்பும்போதும் தூங்குவாள். பெற்ற மகளை மூடிய இமைகளோடு மட்டுமே அறிந்த தகப்பன், அவள் கண்களின் நிறத்தை வாரம் ஒருமுறை ஞாயிறன்று சரிபார்த்துக்கொள்வான்.

ஒரு ஞாயிறன்று எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், "உங்கப்பா இன்னா வேலை செய்றாரு கண்ணு?" என்று குழந்தையிடம் கேட்டார்.

"எங்கப்பாவா? ஞாயித்துக்கிழமை வருவாரே, அவரா?" என்றாள் பவ்யா.

இச்சொல் செவியில் பட்ட கணமே, அம்பு தைத்த களிறுபோல் அதிர்ந்த முனிரத்தினம், கையிலிருந்த டேபிள் ஃபேனைக் கீழே வைத்துச் சூளுரைத்தான்: "இனி நான் பெங்களூர் போக மாட்டேன்! இந்த வூட்டு முன்னாடி இருக்கிற கடையவே தெனமும் தொறப்பேன்! எம்பொண்ணு கண்ணு முழிச்சிருக்கும்போது பார்ப்பேன்!"

எட்டுத் திசையும் நடுங்கின. ஒன்பதாவது திசையான அடுக்களை நடுங்கவில்லை. அங்கிருந்து அவன் மனைவி ஷில்பாவின் ஆணை புறப்பட்டு வந்தது.

"வேலய வுடறதுக்கு நான் வேணான்னு சொல்லலீங்க. வாரநாள்ல இந்தக் கடைக்கு வேலை வருதான்னு மொதல்ல காட்டுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ஃபேனு, ஒரு அயர்ன் பாக்ஸு. அத்த நம்பி ரயில வுட்டா, நாம மூணு பேரும் அந்த ஃபேன் கீழயே உக்காந்து காத்து வாங்கிகினு இருக்க வேண்டியதுதான்."

இதுவே நிபந்தனை. வாரநாளில் மிக்ஸி வர வேண்டும். வந்தால் ரயில் இல்லை. எளிய நிபந்தனைதான். ஒரு வில்லை வளைப்பதுகூட இதைவிடச் சுலபம்.

அதே ரயிலில், அதே பெட்டியில் தினமும் வருபவள் ரெபேக்கா. பெங்களூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுதும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் களைத்துப் போகிறவள். முனிரத்தினத்தின் சபதம் பெட்டிக்குள் பரவியதும், மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே, நின்றபடியே, அவனுக்கு ஒரு வெப்சைட்டைக் கட்டி முடித்துக் கொடுத்தாள். எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். "மிக்ஸி ரிப்பேர் செய்யப்படும். கோரமண்டல். நன்றி" என்று அதில் பொறிக்கப்பட்டது. கல்வெட்டுகளிலும் இவ்வளவு சுருக்கம் காண்பதரிது.

அந்தத் தளத்துக்கு முதல் வாரத்தில் படையெடுத்து வந்தோர் விவரம் வருமாறு: முனிரத்தினம், ஷில்பாவின் போனிலிருந்து மீண்டும் முனிரத்தினம், ரஷ்யாவிலிருந்து யாரோ. அந்த மூன்றாமவர் மனிதப்பிறவிதானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

ரெபேக்கா சொன்னாள்: "அண்ணா, நீங்க சொல்ல நெனச்சத எழுதியிருக்கீங்க. ஜனங்க இன்னா தேடறாங்களோ அத எழுதணும். எந்த வார்த்தைய எத்தன பேர் தேடறாங்கன்னு காட்ட ஃப்ரீ டூல் இருக்கு. அதப் பாத்து எழுதினா ட்ராஃபிக் தன்னால வரும்."

ஃப்ரீ! ஆகா, அந்தச் சொல்லின் மாட்சிமையை என்னென்பது! கோயில் வாசலில் சுண்டல் தருகிறவர்கூட "கையைக் கழுவினியா" என்று ஒரு கேள்வி கேட்பார். இவர்களோ உலகத்தின் மனதில் உள்ளதையெல்லாம் கேள்வியின்றி அள்ளித் தருகிறார்களாம். முனிரத்தினத்துக்கு மெய் சிலிர்த்தது.

ஞாயிறு வந்தது. மதியச் சோற்றுக்குப் பின் வீரன் பாய் விரித்து அமர்ந்தான். போனைத் துடைத்தான். சார்ஜர் என்னும் கவசத்தைப் பூட்டினான். கேள்வியின்றித் தரும் கருவி முதலில் அவன் பெயரைக் கேட்டது. பிறகு ஈமெயிலைக் கேட்டது. பிறகு அந்த ஈமெயில் அவனுடையதுதானா என்று அந்த ஈமெயிலுக்கே எழுதிக் கேட்டது. அவன் தொழில் என்ன, கம்பெனியில் எத்தனை பேர், ஆண்டு வருமானம் எவ்வளவு என்று பெண் கொடுக்கப் போகிறவர்களைப்போல் விசாரித்தது. எல்லாவற்றையும் சொன்ன பின், கோட்டை வாயிலில் இறுதிக் கேள்வி எழுந்தது. நீ மனிதனா?

ஒன்பது கட்டங்கள். தெருவிளக்குக் கம்பம் உள்ள கட்டங்களை மட்டும் தொடுக.

மற்றவர்கள் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முனிரத்தினமோ கரண்ட் வேலை கற்றவன். கம்பத்தில் பல்பு மட்டுமா இருக்கிறது? பிராக்கெட் இருக்கிறது, அதிலிருந்து ஒரு வயர் போகிறது, அந்த வயர் அறுந்தால் விளக்கு எரியுமா? எரியாது. ஆகவே வயர் ஓடும் கட்டமும் கம்பத்தைச் சேர்ந்ததே என்று சாத்திரப்படி தீர்ப்பளித்து அதையும் தொட்டான். கருவி அவனை மனிதன் இல்லை என்றது. மீண்டும் கம்பங்கள் வந்தன. மீண்டும் வயரைத் தொட்டான். மீண்டும் மனிதன் இல்லை. ஆடாத தேரையும் ஆட்டிவிடும் மறவர் குலத்தோன், கொள்கையை விடுவானோ?

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஷில்பா எட்டிப் பார்த்தாள். "இன்னும் மனுசன்னு ஒத்துக்கலியா அது?"

"இல்ல."

"வுடுங்க. எனக்கே கல்யாணத்துக்கு அப்பால ரெண்டு வருசம் ஆச்சு."

குழந்தை பவ்யா ஓடி வந்து, அப்பா மடியில் உட்கார்ந்து, விளக்குள்ள கட்டங்களை மட்டும் பட்பட்டென்று தட்டினாள். கதவு திறந்தது. "நான் மனுசிப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடிப்போனாள்.

உள்ளே, நவரத்தினம் பதித்த ஆயுதசாலையைப்போல், கருவி ஒளிர்ந்தது. அதன் நெற்றியில் சிற்றெழுத்தில் ஒரு சாசனம். இலவசமாக வருவோர்க்கு ஒரு நாளைக்கு மூன்று தேடல். அதற்கு மேல் வேண்டுவோர் கார்டு எண்ணைச் சமர்ப்பிக்கவும். ஆக, அம்பறாத்தூணியில் மூன்றே அம்புகள்.

முதல் அம்பை எடுத்தான். "மிக்ஸி ரிப்பேர் கோரமண்டல்" என்று மந்திரம் ஓதி விடுத்தான். விர்ரென்று சென்ற அம்பு, உலகத்தின் கோடானுகோடி மனங்களையும் துளைத்துத் திரும்பி வந்து சொன்னது: பூஜ்யம். மாதத்துக்கு ஒருவரும் தேடுவதில்லை.

இரண்டாம் அம்பு: "மிக்ஸி ரிப்பேர் கே.ஜி.எஃப்." இம்முறை கருவிக்குப் பூஜ்யம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தகவல் போதாது என்றது. இல்லை என்று அடிப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. இருக்கிறாயா என்றே தெரியவில்லை என்பது வேறு அடி. கடவுள் இரக்கமுள்ளவர், மனிதனின் பூஜ்யங்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறவர். இலவசக் கருவிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மூன்றாம் அம்பு. முன்னோரை வணங்கி, "கோலார் தங்க வயல்" என்று எழுதினான். அப்போது திரை விரிந்தது! "இதனோடு தொடர்புள்ளவை" என்று ஒரு வரிசை, தேர்ப்படையைப்போல் அணிவகுத்து வந்தது. அதன் தலையில், வெண்கொற்றக் குடை நிழலில், "இன்றைய தங்கம் விலை." தேடுவோர்: மாதம் பல லட்சம்.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரன் எவனும் சறுக்கியிருக்க மாட்டான். திருப்பத்தூர்க்காரன் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பான். ஓசூர்க்காரன் நமக்கும் தங்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்டிருப்பான். தங்க வயலில் பிறந்தவனால் அப்படிக் கேட்க முடியவில்லை. பரம்பரை பரம்பரையாக அவன் வீட்டார் தங்கத்தைத் தோண்டித் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் பித்தளையில் கம்மல் போட்டுக்கொண்டவர்கள். அந்தச் சொல்லின்மேலாவது தங்களுக்குப் பாத்தியதை உண்டு என்பதில் அவனுக்கு ஐயமே எழவில்லை. அன்று மாலைக்குள் தளம் பொன்மயமாயிற்று. "தங்க வயலில் தங்கமான மிக்ஸி ரிப்பேர். இன்றைய தங்கம் விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் வேலை தங்கம். பவுன் போன்ற நாணயம்."

வந்தது ஐயா, ட்ராஃபிக்! மதகு உடைந்த ஏரிபோல், கூடு கலைந்த தேனீபோல் வந்தது. நாகர்கோவில் வந்தது, நாமக்கல் வந்தது, துபாய் வந்தது. பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு செங்குத்தாய் எழுந்து, பழைய சுரங்கக் கோபுரத்தை நினைவூட்டியது. ரயில் பெட்டியில் முனிரத்தினத்தின் போன் ஓயாமல் அடித்தது.

"ஹலோ, இன்னைக்கு ரேட்டு என்ன?"

வேறொருவன் என்றால் ராங் நம்பர் என்று வைத்திருப்பான். நம் வீரனின் நெஞ்சில் ஈரம் ஊறிக் கிடந்தது. பக்கத்துப் பயணியின் பேப்பரை இரவல் வாங்கி, வணிகப் பக்கத்தைப் புரட்டி, கிராம் விலையைப் படித்துச் சொல்லி, "செய்கூலி சேதாரம் தனிங்க" என்று எச்சரிக்கையும் செய்து, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் "நல்லபடியா நடக்கும்மா" என்று வாழ்த்தியும் அனுப்பினான். அத்தனை பேரில் ஒருவர் வீட்டிலும் மிக்ஸி கெட்டிருக்கவில்லை. கெட்டிருந்தாலும் துபாயிலிருந்து அதைக் கோரமண்டலுக்கு அனுப்புவதாக யாரும் உத்தேசிக்கவில்லை.

ஜன்னலோரம் அமர்ந்திருந்த சாமுவேல் இதைக் கண்டு மகிழ்ந்தார். அவர்தான் அந்தப் பெட்டியின் தளபதி. பெங்களூரில் ஒரு ஓட்டலில் லிஃப்ட் இயக்குபவர். மாரிக்குப்பத்திலேயே ஏறி, பின்னால் ஏறப்போகும் அனைவருக்கும் கைக்குட்டை, துண்டு, டிபன் பை முதலிய படைக்கலங்களை வீசி இடம் பிடித்து வைப்பது அவர் தொண்டு.

"இன்னாபா முனி, தங்க யாவாரம் ஜோரா போவுது? எங்கள மறந்துடாத. சேட்டு ஆனப்பறமும் இதே பெட்டியிலதான் வரணும்."

பெட்டி முழுதும் சிரித்தது. முனிரத்தினமும் சிரித்தான். அப்போது ஷில்பாவிடமிருந்து போன் வந்தது.

"இங்க ஒரு பெரியவரு வந்து ஒக்காந்துகினு கீறாரு. ராத்திரியே கெளம்பி ரெண்டு பஸ்ஸு மாறி வந்தாராம். சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரி செலவாம், வளையல விக்கணுமாம். நம்ம வெப்சைட்டுல தங்கம்னு பாத்தாராம். நான் இன்னான்னு சொல்லட்டும்?"

முனிரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "டீயாவது குடு" என்றான்.

"டீ, இட்லி எல்லாம் ஆச்சு. நான் கேட்டது அது இல்ல."

ஷில்பாவே பவ்யாவை எதிர்வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு, அந்தப் பெரியவரை ஆட்டோவில் ஏற்றி, ராபர்ட்சன்பேட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு நகைக்கடைக்காரரிடம் அழைத்துப் போய், எடை போடும்வரை கூட நின்று, பஸ் ஏற்றிவிட்டாள். "ரொம்ப நல்ல மனுசன். நம்மள ஒரு வார்த்த திட்டல. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று பிறகு சொன்னாள்.

கருவி எண்ணிக் காட்டிய பல்லாயிரம் வருகைகளில், இரண்டு பஸ் மாறி வந்த ஒரு களைப்பும் இருந்தது என்பதைக் கருவி சொல்லியிருக்கவில்லை. அதன் கட்டங்களில் அதற்கு இடம் இல்லை. முனிரத்தினமோ போனை வைத்த கையோடு, டேகல் ஸ்டேஷன் வருவதற்குள், தன் தளத்திலிருந்து தங்கத்தை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து எடுத்தான். அவன் குலத்தில் தங்கத்தை வெளியே எடுத்துப் போட்டவர்கள் பலர். மனம் கூசிப் போட்டவன் இவன் ஒருவனே. கோடு மளமளவென்று சரிந்து, பழையபடி தரையோடு படுத்தது. ரஷ்யாக்காரர் மட்டும் விசுவாசமாக வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பங்காருப்பேட்டை தாண்டியதும், பெட்டியில் போர்க்கால ஆலோசனைச் சபை கூடியது. அவன் முகம் வாடியிருப்பதைக் காணச் சபைக்குப் பொறுக்கவில்லை.

"தெனம் மூணு தேடலுதான் வுடறான். அது காலிங்கண்ணா" என்றான் முனிரத்தினம் சோர்வாக.

சாமுவேல் எழுந்தார். இந்த ரயிலில் ஒரு சட்டம் உண்டு. மாரிக்குப்பத்திலிருந்து உட்கார்ந்து வருகிறவர் மாலூரில் எழுந்து, அதுவரை நின்று வந்தவருக்கு இடம் விட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை; யாரும் மீறியதும் இல்லை. அந்தச் சட்டத்தின் பேரால் அவர் முழங்கினார்: "ஒக்கார்ற எடத்தையே மாத்திக்கிறோம். தேடறத மாத்திக்க மாட்டமா? என் மூணையும் எடுத்துக்கபா! எல்லாரும் போன எடுங்க!"

அம்மம்ம! அக்காட்சியை ஆயிரம் நாக்கு படைத்தவரும் வருணிக்கக் கூடுமோ! நின்றவர் கைகளும் அமர்ந்தவர் கைகளும் ஒருசேர உயர, விரிசல் விட்ட கண்ணாடியுடைய போன்கள், ரப்பர் பேண்டு போட்ட போன்கள், மகன் வேண்டாமென்று தந்த போன்கள் எல்லாம் வேற்படைபோல் நிமிர, அத்தனை பேரும் பெயரும் ஈமெயிலும் கொடுத்து, மனிதப்பிறவிகள்தாம் என்று கம்பங்களைத் தொட்டு நிரூபித்து, தலைக்கு மூன்றாக அம்புகளைக் கொண்டுவந்து முனிரத்தினத்தின் காலடியில் குவித்தனர். அள்ள அள்ளக் குறையாத ஆவநாழி என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது டேகலுக்கு முன்னால் இருந்தது.

தங்க வயலின் பேட்டை பேட்டையாக அம்புகள் பறந்தன. கிரைண்டர் ரிப்பேர் ஊரிகம்: பூஜ்யம். ஃபேன் சுற்றவில்லை மைசூர் மைன்ஸ்: பூஜ்யம். ஜார் பிளேடு நந்திதுர்க்: தகவல் போதாது. மோட்டார் கருகும் வாசனை என்று ஒருவர் தேட, அதற்கு நாடெங்கும் நல்ல கூட்டம் இருப்பது தெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் தங்க வயல்காரர் யார், தஞ்சாவூர்க்காரர் யார் என்று கருவி பிரித்துச் சொல்லவில்லை.

"சாமுவேலண்ணா, உங்க மூணு எங்க?" என்று ரெபேக்கா கேட்டாள்.

"ரெண்டு போட்டாச்சும்மா."

"இன்னா போட்டீங்க?"

தளபதி ஜன்னல் வழியே தூரத்தைப் பார்த்தார். "சுகர் இருக்கறவங்க மாம்பழம் சாப்டலாமான்னு பாத்தேன்."

"அண்ணா!"

"சும்னே இரும்மா. நாட்ல நெறைய பேரு அதத்தான் தேடறாங்க. எனக்கு மட்டும் இல்லன்னு தெரிஞ்சப்பறம் மனசுக்கு ஆறுதலா கீது."

இப்படியாகப் பெரும்படையின் அம்புகளெல்லாம் பூஜ்யத்தில் முறிந்து, ரெபேக்காவின் போனில் ஒன்றே ஒன்று எஞ்சிய வேளையில், ரயில் காரணமின்றி வயல் நடுவே நின்றது. அடுத்த நொடியில், ஏவல் ஏதும் இன்றி, பெட்டியிலிருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கினார்கள். அத்தனை கட்டைவிரல்களும் ஒரே தாளத்தில் எதையோ தட்டின. முனிரத்தினம் அருகிலிருந்த திரையை எட்டிப் பார்த்தான். மாரிக்குப்பம் ரயில் லேட். அடுத்த திரை: மாரிக்குப்பம் ரயில் எங்கே. அதற்கடுத்ததிலும் அதுவே.

"இதயா தேடறீங்க?"

"வேற இன்னாத்த தேடுவோம்?" என்றார் ஒருவர். "காலைல எழுந்ததும் வூட்ல மொதல்ல இதத்தான் பாப்போம். லேட்னா பத்து நிமிசம் கூடத் தூங்கலாம் இல்ல? ஆனா எதுலயும் சரியா காட்டறதில்ல."

முனிரத்தினத்தின் மயிர்க்கால்கள் குத்திட்டன. ரெபேக்காவின் கையிலிருந்த கடைசி அம்பை வாங்கி, கண்மூடி, வேப்பமரத்துப் பிள்ளையாரை நினைந்து, "மாரிக்குப்பம் ரயில் லேட்" என்று விடுத்தான். அம்பு திரும்பியது. லட்சம் இல்லை. ஆயிரமும் இல்லை. சில நூறு பேர். போட்டி: எவரும் இல்லை. அருகில் கருவி தன் திருவாக்கையும் சேர்த்திருந்தது: இச்சொல்லுக்கு வணிக மதிப்பு கிடையாது.

சில நூறு பேர்! அவர்கள் நாமக்கல்லிலும் துபாயிலும் இல்லை. இதே ரயிலில், அவன் தோளில் இடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சாமுவேலண்ணா," என்றான் மெதுவாக, "உங்க வூட்டு மிக்ஸி நல்லா ஓடுதா?"

"அதுவா? அது படுத்து மாசக்கணக்காச்சு. நான் கெளம்பறப்ப எந்தக் கடையும் தொறக்கல. வர்றப்ப எல்லாம் மூடிடறான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து படுத்தா எழுந்திரிக்க முடியல. வூட்ல அவங்க அம்மிய வச்சு அரைச்சுகினு என்னை வையறாங்க."

"எங்க வூட்லயும் ஜார் லூசு" என்றது ஒரு குரல். "எங்களுது மூணாவது ஸ்பீடு போனாப் பொகயுது" என்றது இன்னொன்று. பெட்டியின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம், போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் வீரர்களின் முனகலைப்போல், கெட்டுப்போன மிக்ஸிகளின் சேதி எழுந்தது. தங்க வயலின் மிக்ஸிகள் ஏன் எந்தக் கடைக்கும் வருவதில்லை, ஏன் ஒருவரும் தேடுவதில்லை என்பது, உலகத்தின் மனதறிந்த கருவிக்கு விளங்காவிட்டாலும், அவனுக்கு விளங்கிவிட்டது. கடை திறந்திருக்கும் நேரத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ரயிலில் இருக்கிறார்கள்.

மறுநாள் முதல் தளம் புதுக்கோலம் பூண்டது. மாரிக்குப்பத்தில் வண்டி அசைந்ததும் சாமுவேல் போனில் "எடுத்துட்டான்!" என்று சங்கநாதம் செய்வார். முனிரத்தினம் கோரமண்டல் பிளாட்பாரத்தில் நின்றபடியே தளத்தில் எழுதுவான்: "வண்டி கிளம்பிவிட்டது. ஓடி வரவும்." வேறொரு நாள்: "வண்டி இன்னும் நகரவில்லை. சாவகாசமாகத் தலை சீவிக்கொண்டு வரலாம்." மழை நாளில்: "தாமதம். குழந்தைகளை எழுப்பாமல் மெதுவாகக் கிளம்பவும்." அதன்கீழ், சின்ன எழுத்தில், கூச்சத்தோடு ஒரு வரி: "மிக்ஸி கெட்டிருந்தால் மூன்றாவது பெட்டிக்கு எடுத்து வாருங்கள்."

வந்தார்கள். கருவி மதிப்பில்லை என்று தள்ளிய அந்தச் சொல்லுக்கு, தேடும் பக்கத்தின் உச்சியில், சிங்காசனத்தில், முனிரத்தினத்தின் தளம் தன்னந்தனியாக அமர்ந்தது. எதிர்க்க ஆளில்லாத அரியணைக்கு உரிய முழு கம்பீரத்துடன். ஊரிகத்தில் ஏறியவர்கள் துணிப்பையில் கொண்டுவந்தார்கள். சாம்பியனில் ஏறியவர்கள் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கால் உடைந்தது, கழுத்து லூசானது, தேங்காய்த் துவையல் காய்ந்து மூடி திறக்காதது, மகன் உள்ளே ஸ்பூனைப் போட்டு ஓட்டியது என்று காயம்பட்டோர் அணி அணியாய் வந்து சேர, லக்கேஜ் வைக்கும் பலகை பாசறை மருத்துவமனையாயிற்று.

முதலில் சில நாள் அவற்றை ஒயிட்ஃபீல்டுவரை சுமந்தான். பிறகு பங்காருப்பேட்டையிலேயே இறங்கி, பைகளைத் தோளில் மாட்டி, பஸ் பிடித்து வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த ரயிலில் ஓடி, முதலாளியிடம் திட்டு வாங்கினான். கடை அலமாரி நிறைந்தது. அடுக்களை மேடை நிறைந்தது. பவ்யாவின் கட்டில்மேல் ஒரு கிரைண்டர் வந்து அமர்ந்த நாளில், ஷில்பா இடுப்பில் கைவைத்து நின்று, அரசவையில் தீர்ப்புச் சொல்லும் தோரணையில் சொன்னாள்.

"நான் கேட்டது கடைக்கு ஆளு. ஆளு ஒண்ணும் வரல. மிக்ஸி மட்டும் தனியா நடந்து வருது." சற்று நிறுத்தினாள். "பரவால்ல. வேலய வுட்டுடுங்க."

அவ்வளவுதான்! முரசுகள் முழங்கட்டும்! கருவியிடமிருந்து அன்றே ஒரு ஈமெயில் வந்தது: உங்கள் தளத்தின் வளர்ச்சி மிகக் குறைவு; கார்டு எண்ணைத் தந்தால் நல்வழி காட்டுவோம். முனிரத்தினம் அதைப் படித்து, பாவம், அதற்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே என்று இரங்கி, "நன்றி, தேவையில்லை" என்று மரியாதையாகப் பதிலும் எழுதினான். பதிலைப் படிக்க அங்கே ஆள் இல்லை என்று ரெபேக்கா சொன்னாள். பரவாயில்லை என்றான்.

விடுதலை பெற்ற முதல் திங்கட்கிழமை. வைகறைப் பொழுதில் அவ்வீரன், உயிர்பெற்ற மிக்ஸிகளை இரு தோள்களிலும் பூமாலையெனச் சுமந்து ரயிலேறி, அவரவர் கையில் அவரவர் மிக்ஸியைச் சேர்த்து, புதிதாய் வீழ்ந்தவற்றை வாரியெடுத்து, சாமுவேலும் ரெபேக்காவும் பெட்டியோடு சேர்ந்து கையசைக்கப் பங்காருப்பேட்டையில் இறங்கி, முதல் பஸ்ஸின் முன்படியில் வெற்றித்தேர் ஊர்பவன்போல் நின்று வந்து, இளவெயில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளைப் பொன்னாக்க, சேவல்கள் கட்டியம் கூற, தெருக்குழாயில் குடம் நிறையும் ஓசை மங்கல வாத்தியமாய் ஒலிக்க, எந்த ஒரு காட்சிக்காக ரஷ்யாவையும் துபாயையும் எதிர்கொண்டானோ, எந்தக் கண்களைத் திறந்த கோலத்தில் ஒரு வாரநாள் காலையில் காண வேண்டுமென்று மூன்று மூன்று அம்புகளாய் ஊரெல்லாம் இரந்து நின்றானோ, அந்தக் கண்களை நோக்கி, நெஞ்சம் விம்ம, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு வாசலைக் கடந்து உள்ளே நுழைந்தான்.

பவ்யா பல் துலக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.